என் மனைவியைக் கேட்டால் சொல்வாளே!

"இதற்கு எதற்கு முனைவர் பட்டம்? என் மனைவியைக் கேட்டால் எல்லாத் தொடரின் கதையையும் சொல்வாளே!"

விரிவுரையாளர் பணிக்கான நேர்முகத் தேர்வில் ஒரு பெரியவர் சொன்னது. அறையே சிரித்தது. வேலை வேண்டுமே, நானும் சிரித்துவைத்தேன். தொலைக்காட்சியில் பாலினமும் பாலீர்ப்பும் எப்படிக் காட்டப்படுகின்றன என்பதே என் ஆய்வு. அவர் கேலி செய்தது தொடரையா, மனைவியையா? இரண்டும் ஒன்றுதான் என்பது என் கட்சி.

அமெரிக்காவில் சோப்புக் கம்பெனிகள் வீட்டிலிருக்கும் பெண்களைக் குறிவைத்து வானொலித் தொடர்களுக்குப் பணம் கொடுத்தன. 'சோப் ஓப்பரா' என்ற பெயர் அப்படி வந்தது, பெயரிலேயே இளக்காரம். அவற்றில் ஒன்றான 'கைடிங் லைட்' 1937-ல் வானொலியில் தொடங்கி, 1952-ல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 வரை ஓடியது. அந்தக் காலத்துப் பகல்நேரத் தொடர்களைத் தேடிப்போனால் கை வெறுமையாகத்தான் திரும்பும். பல நேரலையாகப் போய்க் காற்றில் கலந்தவை. பதிந்தவற்றையும் அழித்து, அதே நாடாவில் வேறொன்றைப் பதிந்தார்கள். நாடா விலை அதிகம், ஒப்புக்கொள்கிறேன். வேறு நிகழ்ச்சிகளும்தான் அழிந்தன. ஆனாலும் மதியத்தில் பெண்கள் பார்த்ததைப் பத்திரப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் அன்று வெகு சிலருக்கே இருந்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட தொடர்களைப் பார்ப்பதை வெளியே சொல்லக் கூசும் வெட்கத்தையே ஆய்வுப்பொருளாக்கியவர் ஊடக ஆய்வாளர் இயன் ஆங். நெதர்லாந்தில் ஒரு பெண்கள் பத்திரிகையில் சின்ன விளம்பரம் கொடுத்தார்: எனக்கு 'டாலஸ்' (எண்ணெய்ப் பணக்காரக் குடும்பம் ஒன்றின் கதையைச் சொல்லும் அமெரிக்கத் தொடர்) பார்க்கப் பிடிக்கும், சொன்னால் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள், உங்களுக்கு எப்படி என்று எழுதுங்கள். வந்தவை 42 கடிதங்கள். அதை வைத்து 1982-ல் ஒரு நூலே எழுதிவிட்டார். அந்த மாளிகையையும் எண்ணெய்ப் பணத்தையும் நம்பாதவர்கள்கூட அங்கே புழங்கிய துயரத்தை மெய்யென்று உணர்ந்தார்கள் என்பது அவர் கண்டது.

அதே 1982-ல் 'கேக்னி அண்ட் லேசி' என்ற அமெரிக்கத் தொடர். இரண்டு பெண் துப்பறியும் போலீசார். ஆறு பகுதிகள் முடிந்ததும் கேக்னியாக நடித்த மெக் ஃபாஸ்டரை மாற்றிவிட்டார்கள். இருவரும் கரடுமுரடாக இருக்கிறார்கள், பார்ப்பவர்கள் தன்பாலீர்ப்புள்ள பெண்களோ என்று நினைக்கிறார்கள் என்பது சானல் தரப்பின் குறை. இரண்டு பெண்கள் சேர்ந்து வேலை பார்த்ததற்கே இத்தனை பதற்றம்! 1983-ல் தொடரை நிறுத்தியபோது பார்வையாளர்கள் கடிதங்களாக எழுதிக் குவித்தார்கள். மறு ஆண்டே தொடர் திரும்பியது.

இதையெல்லாம் வகுப்பில் நடத்திவிட்டு ஆய்வாளர்கள் நாங்களே என்ன செய்கிறோம்? திரையில் வருகிறவர்களை எண்ணுகிறோம். இத்தனை பெண்கள், இத்தனை திருநங்கைகள், இத்தனை நிமிடம். எண்ணிக்கை தேவைதான், இல்லாதவர்களை இல்லை என்று நிரூபிக்க வேறு வழியில்லை. ஆனால் எண்ணி முடித்த கையோடு, பார்ப்பவர்களுக்கு அதிலிருந்து என்ன கிடைத்தது என்பதையும் நாங்களே தீர்மானித்துவிடுகிறோம். அந்தப் பெரியவரின் சிரிப்பில் எங்களுக்கும் பங்கு உண்டு.

நானும் அதைச் செய்தவன்தான். ஒரு தொடரில், தான் ஓர் ஆணை விரும்புவதாக மகன் தாயிடம் சொல்லும் காட்சி. நிறுத்தி நிறுத்திப் பலமுறை பார்த்தேன். கேமரா தாயின் முகத்தைவிட்டு நகரவே இல்லை. மகனுடையது என்று திரையில் தெரிந்தது ஒரு காதும் கழுத்தின் பின்பக்கமும். 'சொல்கிறவனுக்கு முகமே இல்லை, இது அழிப்பு' என்று ஆய்வேட்டில் நான்கு பக்கம் எழுதினேன். நெறியாளர் ஓரத்தில் 'அருமை' என்று குறித்திருந்தார்.

பிறகு பார்வையாளர் நேர்காணல்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மாவிடம் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். ஏற்கெனவே பார்த்திருக்கிறாராம். திரும்பவும் கண் எடுக்காமல் பார்த்தார்.

"அவள் ஏன் அந்தப் பையனைப் பார்க்கவே இல்லை தெரியுமா? பார்த்தால் அழுதுவிடுவாள். அழுதால் அவன் பயந்துவிடுவான்."

எனக்குப் பதில் வரவில்லை. சிறிது நேரம் கழித்து, ரெக்கார்டரை அணைக்க முடியுமா என்று கேட்டார். அணைத்தேன். அதன் பிறகு ஒரு மணி நேரம் தம் மகனைப் பற்றிப் பேசினார். அதில் ஒரு வரிகூட என் ஆய்வேட்டில் கிடையாது.

அந்த நான்கு பக்கங்களை மட்டும் எடுத்துவிட்டேன்.