கீசர் வால்வு சொட்டினால் அடைத்துவிடாதீர்கள்

“கீசரின் சேஃப்டி வால்வில் தண்ணீர் சொட்டினால் வால்வு கெட்டுவிட்டது என்று பொருள், ஒரு மூடியைத் திருகி அடைத்தால் போதும்” என்று இங்கே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

தண்ணீர் சூடானால் விரியும். 30 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குப் போகும்போது சுமார் 2 சதவீதம். 15 லிட்டர் தொட்டியில் ஏறக்குறைய 300 மில்லி. வந்த வழியே திரும்ப முடியாதபடி உள்வழிக் குழாயில் ஒருவழித் தடுப்பு இருந்தால், அந்தக் கூடுதல் தண்ணீருக்கு வால்வுதான் வழி. ஆகவே சூடேறும் நேரத்தில் மட்டும் சொட்டினால் அது தன் வேலையைச் செய்கிறது. அதை அடைத்துவிட்டு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும், சூடு அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் பழுதானால் தொட்டி வெடிக்கும். ஒரு மூடியைப் போட்டு மிச்சம் பிடிக்கிற விஷயமா இது?

கீசர் அணைந்து ஆறிய பிறகும் ஓயாமல் ஒழுகினால் கதை வேறு. சென்னை வேளச்சேரியின் போர்வெல் தண்ணீரில் பக்கெட்டின் ஓரத்தில் படியும் அதே வெள்ளை உப்பு வால்வின் உள்ளேயும் படிந்து, சரியாக மூடவிடாது. பிரஷர் பம்ப் வைத்த அடுக்ககங்களில் அழுத்தம் மிகுந்தும் ஒழுகலாம். அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பழுது வால்வில்தான் என்றால் அதே அழுத்த அளவுள்ள புதியதை மாற்றுங்கள்.

பிளம்பர் வரும் நாளில் தொட்டி அரிக்காமலிருக்க அதற்குப் பதிலாகத் தான் கரையும், உள்ளிருக்கும் மெக்னீசியம் கம்பியையும் கழற்றிப் பார்க்கச் சொல்லலாம். அது கரைந்து தீர்ந்திருந்தால் அடுத்து அரிக்கப்படுவது தொட்டிதான்.