குப்பைமேட்டு நைத்திரேற்று எல்லாம் காற்றோடு போவதில்லை

குப்பைமேட்டுக்குள் ஒட்சிசன் இல்லாததால் நுண்ணுயிர்கள் நைத்திரேற்று (நீரில் கரையும் நைதரசன் சேர்வை) முழுவதையும் நைதரசன் வாயுவாக்கிவிடும், அதனால் திருகோணமலையில் பக்கத்துக் கிணறுகளுக்குப் பயமில்லை என்று மேலே ஒரு கருத்து. பாதி சரி, அண்ணா. பல பற்றீரியாக்கள் ஒட்சிசனுக்குப் பதிலாக நைத்திரேற்றைக் கொண்டு அப்படித்தான் சுவாசிக்கின்றன; இடையில் நைத்திரசு ஒட்சைட்டு என்ற வாயுவும் கொஞ்சம் தப்பும். ஆனால் சேதனக் காபன் (அழுகும் பொருட்களிலுள்ள காபன்) மிகுந்து நைத்திரேற்று குறைந்த இடத்தில், வேறு சில பற்றீரியாக்கள் அதே நைத்திரேற்றை அமோனியமாக்கும். அது பெரும்பாலும் வாயுவாகாமல், குப்பையூடாகக் கசியும் வடிநீரிலேயே தங்கும்; அந்த நீர் கிணற்றுக்கும் போகலாம். அழுகும் புரதத்திலிருந்து வரும் அமோனியமும் இதோடு சேரும்.

நீங்களே பார்க்கலாம்: மீன்தொட்டிக் கடையில் விற்கும் அமோனியாச் சோதனைத் துளிகளைக் கிணற்றுத் தண்ணீரில் விட்டு, வரும் நிறத்தைப் பெட்டியிலுள்ள அட்டையோடு ஒப்பிடுங்கள். நைத்திரேற்றை மட்டும் அளந்தால் இந்த அமோனியம் பிடிபடாது.