பதினேழாம் வாய்ப்பாட்டைத் திருப்பிக் கேளுங்கள்

போன வாரம் அண்ணன் மகள் கணக்கு நோட்டோடு வந்தாள். ஆறாம் வகுப்பு. 68/119-ஐச் சுருக்க வேண்டும். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்துவிட்டு, "இது சுருங்காது சித்தப்பா" என்றாள்.

"பதினேழாம் வாய்ப்பாடு சொல்லு."

கடகடவென்று சொன்னாள். 68 வந்தது, போனது. 119 வந்தது, அதுவும் போனது. 170-ல்தான் மூச்சு விட்டாள். மறுபடி மெதுவாகச் சொல்லச் சொன்னேன். நாலாவது வரியில் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் ஏழாவது வரியில். 4/7.

வாய்ப்பாடு அவளுக்கு நன்றாகவே தெரியும். ஒரு பக்கமாக மட்டும் தெரியும். நானும் அப்படித்தான் படித்தேன். பதிமூன்றாம் வாய்ப்பாட்டில் தடுக்கியதற்கு ஒரு வாத்தியாரிடம் பிரம்படி வாங்கியிருக்கிறேன். 91-ல் எத்தனை பதிமூன்று என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

பெரிய எண்களின் வாய்ப்பாடு மனப்பாடம் வேண்டுமா என்றால், வேண்டும் என்றே சொல்வேன். பெருக்குவதற்காக இல்லை. 17×8 மறந்தால் எண்பதையும் ஐம்பத்தாறையும் கூட்டி 136 சொல்லிவிடலாம். 19×7 என்றால் 140-ல் ஏழைக் கழித்தால் போதும். ஆனால் 133 என்ற எண்ணைப் பார்த்ததும் அதற்குள் பத்தொன்பது இருப்பது கண்ணில் பட வேண்டுமே! 51, 57, 91 எல்லாம் பார்த்தால் பகா எண் போலவே இருக்கும். வாய்ப்பாடு மனதில் ஊறியவரிடம் அந்த வேஷம் செல்லாது. குரூப் 4 தேர்வில் 3 மணி நேரத்தில் 200 கேள்வி, கால்குலேட்டர் கிடையாது. பின்னத்தைக் கண்ணாலேயே சுருக்குகிறவருக்கு அங்கே மிச்சமாகும் நேரம் கொஞ்சமா?

இது ஒன்றும் புதிதில்லை. 16 அணா ஒரு ரூபாயாக இருந்த காலத்தில், அதாவது 1957 ஏப்ரலில் நயா பைசா வரும்வரை, கடைக்காரர்கள் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தினமும் திருப்பித்தான் போட்டார்கள். 112 அணா என்றால் ஏழு ரூபாய். அதற்கு முந்தைய திண்ணைப் பள்ளியில் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு ஏட்டைச் சொல்லிச் சொல்லியே காணி, மா என்று பின்னங்களையும் மனதில் ஏற்றினார்கள். காணி என்பது எண்பதில் ஒரு பங்கு!

பிள்ளைகளுக்கு இது பெரிய சுமையும் இல்லை. பதினாலு ஏழின் இரட்டிப்பு, பதினாறு எட்டின் இரட்டிப்பு, பதினெட்டு ஒன்பதின் இரட்டிப்பு. உண்மையில் உழைக்க வேண்டியது 13, 17, 19 மூன்றுக்குத்தான். இருபதுக்கு மேல் இருபத்தைந்து மட்டும் போதும். பத்து வயதுப் பிள்ளையை முப்பதாம் வாய்ப்பாடு வரை உருப்போட வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த நேரத்தில் தெரிந்ததையே திருப்பிக் கேட்கலாம். பஸ்ஸில் போகும்போது கேளுங்கள், முன்னால் போகிற வண்டியின் நம்பரை வைத்துக் கேளுங்கள்.

நேற்று ராத்திரி தோசை சாப்பிடும்போது 57/76 என்றேன். கையில் பிய்த்த தோசையோடு கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள்.

"மூணு பத்தொம்போது... நாலு பத்தொம்போது... முக்கால், சித்தப்பா!"