பிரிந்த காற்று மறுபடி சேர வேண்டும் என்று யார் சொன்னது?

விமானம் எப்படிப் பறக்கிறது என்று எங்கே தேடினாலும் அதே பாடம்தான். இறக்கையின் மேல்பக்கம் வளைந்திருக்கிறது, அதனால் பாதை நீளம். கீழ்ப்பக்கம் தட்டை, பாதை குறைவு. முன்விளிம்பில் பிரிந்த காற்று பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேர்ந்தாக வேண்டும், அதனால் மேல்காற்று வேகமாக ஓடுகிறது, வேகம் கூடினால் அழுத்தம் குறைகிறது, விமானம் எழும்புகிறது. பாடநூலில் இது, வினாடி வினாவில் இது, காணொளிகளிலும் இதே. சேர்ந்தாக வேண்டும் என்று எந்த விதி சொல்கிறது? அதை மட்டும் யாரும் கேட்பதில்லை. அப்படி ஒரு விதி இயற்பியலிலேயே கிடையாது!

இறக்கையை நிறுத்திவைத்து அதன்மேல் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் புகையை விட்டு விட்டுச் செலுத்தினால் கண்ணுக்கே தெரிந்துவிடும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஹோல்கர் பாபின்ஸ்கி அதைப் படம்பிடித்தே காட்டியிருக்கிறார். மேலே போன புகை பின்விளிம்பை முதலில் தாண்டிவிடுகிறது. கீழே போனது பின்தங்கி வருகிறது. அதன் பிறகும் இரண்டும் சேர்வதில்லை.

படத்தை நம்பாவிட்டால் கணக்காவது போடலாமே. செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தின் முழு எடை சுமார் 1,111 கிலோ, இறக்கைப் பரப்பு 16 சதுர மீட்டருக்குச் சற்று மேல். வேகம் நொடிக்கு 60 மீட்டர் என்று வையுங்கள். மேல்பாதை தாராளமாக 2 சதவீதம் நீளம் என்றே எடுத்துக்கொள்வோம், அப்போது காற்றும் 2 சதவீதம்தான் வேகமாகப் போகும். கடல்மட்டக் காற்றடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோ; அதை, வேகம் கூடினால் அழுத்தம் எவ்வளவு குறையும் என்று சொல்லும் பெர்னூலி சமன்பாட்டில் போட்டால் அழுத்த வேறுபாடு சதுர மீட்டருக்கு 90 நியூட்டன்கூட வராது. மொத்த இறக்கையும் சேர்ந்து தூக்குவது சுமார் 150 கிலோ. மீதி 960 கிலோவை யார் தூக்குவது? மேலும் கீழும் ஒரே வளைவுள்ள சாகச விமான இறக்கைக்குப் பாதை வித்தியாசமே இல்லை. அது தலைகீழாகவும் பறக்கிறது. காகித விமானத்தின் இறக்கையில் வளைவே கிடையாது.

உண்மையில் நடப்பது வேறு. காற்று இறக்கையை ஒரு சிறு சாய்வில் சந்திக்கிறது. அதற்குத் தாக்கு கோணம் என்று பெயர். மேல்பரப்பை ஒட்டி ஓடும் காற்று கீழ்நோக்கி வளைகிறது. வளைந்து ஓட வேண்டுமானால் வெளிப்பக்கம் அழுத்தம் கூடுதலாகவும் பரப்பை ஒட்டிக் குறைவாகவும் இருந்தாக வேண்டும். அந்தக் குறைந்த அழுத்தத்தை நோக்கிப் பாயும்போதுதான் காற்று வேகமெடுக்கிறது. கீழ்ப்பரப்பில் அழுத்தம் சற்றுக் கூடுகிறது. மொத்தத்தில் இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. பெர்னூலியும் சரி, நியூட்டனும் சரி. "பெர்னூலி பொய், காற்று அடிப்பக்கத்தில் மோதித்தான் விமானம் எழும்புகிறது" என்று எதிர்ப்பக்கம் கிளம்பியவர்களும் அதே அளவு தப்பு. தூக்கு விசையில் பெரும்பங்கு மேல்பரப்பிலிருந்துதான் வருகிறது.

மேல்பரப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு உறைபனியே சாட்சி. முன்விளிம்பிலும் மேல்பரப்பிலும் உப்புத்தாள் சொரசொரப்பு அளவுக்குப் பனி படிந்தால் போதும், தூக்கு விசை 30 சதவீதம் வரை போய்விடும், விமானத்தைப் பின்னிழுக்கும் இழுவை விசை 40 சதவீதம் வரை ஏறும். பாதை நீளம்தான் காரணம் என்றால் அந்த மெல்லிய படலத்தால் என்ன கெட்டுவிடப் போகிறது? பரப்பை ஒட்டி வரவேண்டிய ஓட்டம் சீக்கிரமே பிய்த்துக்கொள்கிறது, அதனால்தான் கிளம்பும் முன் இறக்கையைச் சுத்தம் செய்தே தீர வேண்டும் என்கிறார்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். இந்தப் பொய்ப் பாடத்தில் தாக்கு கோணம் என்ற சொல்லே வருவதில்லை. அதுதான் உயிர்நாடி! கோணம் கூடக் கூடத் தூக்கு விசை கூடும். பல இறக்கைகளில் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டினால் மேல்காற்று பரப்பை விட்டுப் பிரிந்து விசை சரியும். அதுதான் ஸ்டால். இயந்திரம் நின்றுபோவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எந்த வேகத்திலும் நடக்கும். மீள வேண்டுமானால் முதலில் மூக்கைத் தாழ்த்திக் கோணத்தைக் குறைக்க வேண்டும்.

2009 ஜூன் 1 அன்று ஏர் பிரான்ஸ் 447 என்ற பயணிகள் விமானத்தில் வேகம் அளக்கும் குழாய்கள் பனியால் அடைபட்டன. மூக்கு மேலே தூக்கப்பட்டது, விமானம் சுமார் 38,000 அடிக்கு ஏறி ஸ்டாலுக்குள் விழுந்தது. தாக்கு கோணம் 35 பாகையைத் தாண்டியது. இயந்திரங்கள் இரண்டும் ஓடிக்கொண்டிருக்க, மூன்றரை நிமிடத்தில் கடலில் மோதி 228 பேர் இறந்தார்கள். விசாரித்த பிரெஞ்சு அமைப்பான பிஇஏ, தாக்கு கோணத்தை விமானிக்கு நேரடியாகக் காட்டும் கருவியின் தேவையை ஆராயச் சொன்னது. அந்தக் கோணத்தைத்தான் பாடத்திலிருந்து தூக்கி எறிந்துவிட்டு வளைவின் நீளத்தை மனப்பாடம் செய்ய வைக்கிறோம்.

இன்னொரு கதையும் சுற்றுகிறது, உயரே போனால் ஈர்ப்பு குறைந்துவிடும் என்று. 11 கிலோமீட்டர் உயரத்தில் குறைவது 0.35 சதவீதம்கூட இல்லை. எடை முழுவதையும் இறக்கைதான் சுமக்கிறது.

பாடம் எழுதுபவர்களே, படத்தை மாற்றி வரையுங்கள். இறக்கையைச் சற்றுச் சாய்த்துப் போடுங்கள், கோணத்தைக் குறியுங்கள், பின்விளிம்பைத் தாண்டிய காற்றின் அம்புகளைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். வந்த காற்று வந்த திசையிலேயே நேராகப் போவதாக வரைந்த படத்தில் எந்த விமானமும் பறக்காது.