டைப்-சி துளை இருந்தாலே மானிட்டரில் படம் வந்துவிடாது

தம்பி, டைப்-சி துளை உள்ள எந்த லேப்டாப்பையும் மானிட்டரில் மாட்டலாம், படம் வராவிட்டால் கேபிள்தான் மோசம், விலை கூடியதாக வாங்குங்கள் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இது தவறு, இதை நம்பி யாங்கோனில் நம் பிள்ளைகள் காசைத் தொலைத்துவிடக் கூடாது.

டைப்-சி என்பது வெறும் முனையின் வடிவம். அதன் வழியாக நேரடியாகப் படம் போக வேண்டுமென்றால் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடோ தண்டர்போல்ட்டோ என்ற படம் அனுப்பும் வசதி லேப்டாப்பிலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் தங்க முலாம் பூசிய கேபிளைப் போட்டாலும் திரை கறுப்புதான். துளைக்குப் பக்கத்தில் அம்பு முனையுள்ள மின்னல் குறியோ, டி, பி (DP) எழுத்துகள் சேர்ந்த சின்னமோ இருக்கிறதா பாருங்கள். சில கம்பெனிகள் குறியே போடுவதில்லை, அப்போது மாடல் எண்ணை வைத்து விவரப் பட்டியலைத் தேடிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கேபிளும் முக்கியம்தான், சரி. ஆனால் விலை அல்ல, வகை. போன் சார்ஜரோடு வருவது பெரும்பாலும் யூஎஸ்பி 2.0, நொடிக்கு 480 மெகாபிட்தான், படத்துக்கு வேண்டிய கம்பிகளே அதற்குள் கிடையாது.

அப்புறம், செகண்ட்ஹேண்டில் கிடைக்கும் பழைய மானிட்டர்கள் பலவற்றில் நீல நிற 15 ஊசி விஜிஏ துளை மட்டும்தான் இருக்கும். லேப்டாப்பின் எச்டிஎம்ஐ என்ற படத் துளை அனுப்புவது டிஜிட்டல் சிக்னல், விஜிஏ வாங்குவது அனலாக் என்ற வேறு வகை, ஆகவே நடுவில் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சிப் வைத்த கன்வெர்ட்டர் வேண்டும். இரண்டு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்த மலிவு கேபிள் உதவாது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்குப் போவதா என்று திசையையும் கேட்டு வாங்குங்கள், எதிர்த்திசைக்கானதை மாட்டினால் ஒன்றும் வராது. லேப்டாப்பில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் டைப்-சி பக்கம் போகவே வேண்டாம்.