சனி, ஞாயிறு பயிற்சி, திங்கட்கிழமை நிபுணர்

அந்த விளம்பரத்தை நேற்றிலிருந்து பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். வாழ்த்தட்டும் என்று அனுப்பினீர்களா, வயிறு எரியட்டும் என்று அனுப்பினீர்களா, தெரியவில்லை. சனி, ஞாயிறு வகுப்பு. மதியச் சாப்பாடு உண்டு. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ‘தடயவியல் மனநல மதிப்பீட்டாளர்’ சான்றிதழ். குற்றம் சாட்டப்பட்டவரின் மனநிலையைப் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தருபவர் என்று பொருள்.

இரண்டே நாள்! ஸ்கூட்டர் ஓட்டப் பழகுநர் உரிமம் வாங்கியவர்கூட முப்பது நாள் பொறுத்துத்தான் எட்டுப் போட முடியும்.

நோயைக் கண்டுபிடிப்பது வேறு, நீதிமன்றம் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது வேறு. பழைய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 22. குற்றம் சாட்டப்பட்டவர், மனநோயால், தான் செய்வது இன்னதென்றோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்றோ அறிய முடியாத நிலையில், செய்த அந்த நேரத்தில், அவர் இருந்தாரா என்பதுதான் அதன் கேள்வி. இன்றைக்கு விசாரணையைப் புரிந்துகொண்டு தன் தரப்பைச் சொல்ல முடியுமா என்பது தனிக் கேள்வி. குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 367ஆம் பிரிவிலிருந்து வருவது. இந்த இரண்டையும் குழப்பி எழுதப்பட்ட அறிக்கைகளை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

அவற்றில் ஒன்று நான் எழுதியது.

2009. போலீஸ் வழிக்காவலோடு வந்த ஒருவரை, நீதிமன்ற மொழியில் ‘எதிரி’, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, பத்து நாள் வார்டில் வைத்துப் பார்த்து, மனச்சிதைவு நோய் என்று அரைப் பக்கம் எழுதினேன். நீதிமன்றத்தில் டவாலி என் பெயரைக் கூவியதும் சாட்சிக் கூண்டில் ஏறினேன். “எதிரியை நீங்கள் முதலில் பார்த்தது எப்போது டாக்டர்?” சம்பவம் நடந்து ஏழு மாதம் கழித்து. “அப்படியானால் அன்றைய மனநிலை உங்களுக்குத் தெரியாது?” தெரியாது என்றேன். நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது. வெளியே அவருடைய அம்மா நின்றிருந்தார். “இருபது நாளாக அவன் தூங்கவே இல்லை, சுவரோடு பேசிக்கொண்டிருந்தான் என்று சொன்னீர்களா ஐயா?”

அந்த அம்மாவிடம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சம்பவத்துக்கு முன்பும் அப்போதும் பின்பும் ஒருவர் எப்படி இருந்தார் என்று பார்க்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1964லேயே சொல்லியிருக்கிறது. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ‘நீங்கள் சொல்வது நீதிமன்றத்துக்குப் போகும்’ என்று எதிரியிடம் முதலிலேயே அறிவிக்க வேண்டும் என்பதையும் நானாகத்தான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தீர்ப்பு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

‘ஒன்றுமே இல்லாததற்கு இரண்டு நாளாவது நல்லதுதானே?’ நல்லதுதான். அறிமுக வகுப்பு என்று போடுங்கள், நானே முன்வரிசையில் வந்து உட்காருகிறேன். மதிப்பீட்டாளர் என்று போடாதீர்கள். அமெரிக்காவில் நான்கு வருடம் மனநல மருத்துவம் முடித்தவர் இதற்கென்றே மேலும் ஒரு வருடம் படிக்கிறார். ‘இங்கே ஆளே இல்லையே, அமெரிக்கக் கதை எதற்கு?’ சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்பதற்காக இரண்டு நாள் ஒரு வருடம் ஆகிவிடுமா?

‘உங்களைப் பேச அழைக்கவில்லை, அதுதான் கோபம்.’ நேற்றிரவே ஒருவர் இப்படி எழுதிவிட்டார். ஆமாம், அழைக்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருபது வருடம் கைதி வார்டில் நின்றவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று தோன்றியது உண்மை. தோன்றக்கூடாதா? சம்மன் வந்தால் மட்டும் இரவு பதினோரு மணிக்கு என்னைக் கூப்பிடத் தெரிகிறதே.

2022இல் மனோஜ் வழக்கில், தூக்குத் தண்டனையை முடிவுசெய்யும் முன் குற்றவாளியின் மனநல மதிப்பீட்டையும் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஞாயிறு மாலை சான்றிதழ் வாங்கியவர் திங்கட்கிழமை அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடுவார். மதியச் சாப்பாட்டில் பாயசம் உண்டா என்று தெரியவில்லை.

விளம்பரப் படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்கும் பிள்ளை என்னிடம் படித்தது. அந்த அம்மாவின் கதையை வகுப்பில் கேட்டுக் கண் கலங்கிய பிள்ளை. காலையிலிருந்து இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.