கொஞ்சம் வாயை மூடினா கெஹிபெல்லா வரும்!

போயா (பௌர்ணமி) லீவு வந்தாலே எனக்கு வயித்தெரிச்சல்தான். நம்ம இலங்கை மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளிக்கு வேன் கட்டிக்கிட்டு வந்துடுறாங்க, ஸ்பீக்கரோட. நுழைவாயில்ல தண்ணிப் போத்தல் லேபிளைக்கூட உரிச்சு வாங்கிக்கிறாங்க. நல்ல விசயம். அந்த ஸ்பீக்கரையும் புடுங்கி வைங்களேன் ஐயா!

கெஹிபெல்லாங்கிற பறவையைப் பாக்க விடியக்காலைதான் தோது. உடம்பெல்லாம் நீலம், தலையும் இறக்கையும் செங்காவி, சொண்டும் காலும் கண்ணைச் சுத்தியும் ரத்தச் சிவப்பு. இந்தத் தீவை விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது. இந்தச் சமவெளி இருக்கிறது 2,000 மீட்டருக்கு மேல. ஒன்பது, பத்து மணிக்கு மூடுபனி ஏறிச்சுன்னா பக்கத்து மரமே தெரியாது. நமக்குக் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தையும் நாசமாக்கிடுறாங்க.

இத்தனைக்கும் அது வாயாடிப் பறவை. அஞ்சாறு சேர்ந்து, பூச்சி, தவளை தேடிக்கிட்டுக் கத்திக்கிட்டே வரும். ஆளைக் காட்டுறதுக்கு முந்தி சத்தம் வந்துரும். காதைக் குடுத்துக்கிட்டு சும்மா நின்னா போதும். அதுமட்டும் எங்க ஆளுகளால முடியாது.

இன்னொரு வகை இருக்கு, பெரிய கேமராக்காரங்க. போன்ல கெஹிபெல்லாவோட குரலையே திரும்பத் திரும்பப் போடுறாங்க. வந்தாலும் ஆசையாவா வரும்? வேற கூட்டம் நம்ம எடத்துக்குள்ள பூந்துருச்சுன்னு பதறிக்கிட்டு, இரையையும் கூட்டையும் விட்டுட்டு வரும். "அண்ணே, கொஞ்சம் நிப்பாட்டுங்க"ன்னா, "காடு என்ன உங்கப்பன் சொத்தா தம்பி?"ங்கிறார். உங்கப்பன் சொத்தும் இல்லையே அண்ணே!

அரெங்கா குளத்துக்கிட்டயும் இதே கூத்துதான். விடியலும் அந்தியும் சீழ்க்கை அடிக்கிற அரெங்காவும் இந்த நாட்டுக்கே உரிய பறவை, அதைப் பாக்குறதே அபூர்வம். ஆனா பொட்டை காப்பி நிறமாச்சே. "கலரா இல்லையே"ன்னு சுளிச்சுட்டு மரைக்கு பிஸ்கட் நீட்டப் போயிடுறாங்க. மரையும் பழகிப்போய் வேன் கதவுக்கிட்ட வந்து நிக்குது. (அதை மிருகக்காட்சிசாலையிலேயே பாத்திருக்கலாமே, இவ்வளவு குளிர்ல எதுக்கு?)

தெரியாதவங்களையாவது விடலாம். தெரிஞ்சவங்க செய்யறதுதான் தாங்க முடியல. வெள்ளைக்காரங்களை ஏத்திக்கிட்டு வந்தா இஞ்சினை நிப்பாட்டி, வாயில விரலை வச்சு "உஷ்"ங்கிற அதே டிரைவர், நம்மளை ஏத்திக்கிட்டு வந்தா வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடிக்கிறார். ஏங்க, நாங்க குடுக்கிற காசு மட்டும் செல்லாதா?